பாப்பாவுக்கு ஒரு செமி ஹாலோ கிட்டார் தேடுன கதை

போன வருசம் ஆடி மாசம், கடையில ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர தெறந்து வெச்சு பாத்துட்டு இருந்தேன். ஃபில்டர் கண்டென்சர் போயிருந்துச்சு, ஆன் பண்ணா ம்ம்ம்ம்னு ஒரே இரைச்சல். எங்க அக்கா பொண்ணு பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்து முறுக்கு தின்னுட்டு இருந்தா. திடீர்னு "மாமா, இது தடி ஸ்ட்ரிங்ல மூணாவது ஃப்ரெட்டு மாமா, ஆனா அதுக்கும் கொஞ்சம் மேல நிக்குது"ன்னு சொல்றா. நான் சால்டரிங் அயன கீழ வெச்சுட்டேன். நம்ம ஊர் கரண்டு 50 ஹெர்ட்ஸ், கண்டென்சர் செத்துப்போன பவர் சப்ளையில இருந்து வர்ற இரைச்சல் அதுல டபுள், 100 ஹெர்ட்ஸ். கிட்டார்ல தடி ஸ்ட்ரிங் மூணாவது ஃப்ரெட்டு (கழுத்துல குறுக்க பதிச்சிருக்கற கம்பி) ஜி நோட்டு, அது 98 ஹெர்ட்ஸ். அந்த ரெண்டு ஹெர்ட்ஸ் வித்தியாசத்த, வாயில முறுக்கோட, எந்த மெஷினும் இல்லாம இந்தப் புள்ள காதுல புடிச்சிருக்கு.

எனக்கு கிருஷ்ணகிரி பழையபேட்டையில மைக் செட் கடை, அப்பா காலத்துல குழா ஸ்பீக்கர்ல ஆரம்பிச்சது. அக்கா குடும்பம் காவேரிப்பட்டணத்துல இருக்கு. அக்கா வீட்லயே ஜாக்கெட் தைக்குது, அதோட வீட்டுக்காரர் மாம்பழ மண்டியில கணக்கு எழுதுறார். பாப்பாவுக்கு (வீட்ல எல்லாரும் அப்படித்தான் கூப்புடுவோம், இங்கயும் அப்படியே எழுதுறேன்) இப்ப பதினஞ்சு வயசு. கிட்டார் அவளுக்கு யாரும் உக்கார வெச்சு சொல்லித்தரல. எங்கிட்ட ரிப்பேருக்கு வந்து ரெண்டு வருசமா யாரும் திரும்பி வாங்காத ஒரு டப்பா கிட்டார (கரண்டு இல்லாம வாசிக்கற, வயிறு காலியா இருக்கற சாதா கிட்டார்) அவ ஏழாவது படிக்கும்போது எடுத்துட்டுப் போனா, ஃபோன்ல வீடியோ பாத்து பாத்து அவளே புடிச்சுகிட்டா. கோயில்ல காலையில நாதஸ்வரத்துல கேட்டத சாயங்காலம் ஸ்ட்ரிங்க இழுத்து வளைச்சு வாசிச்சு காட்டுவா, அதுல கமகம் வரும். அது எனக்கு இன்னைக்கும் ஆச்சரியமாத்தான் இருக்கு.

எலக்ட்ரிக் கிட்டார் வாங்கணும்னு முடிவானது ஒரு கல்யாண ரிசப்ஷன்ல. பர்கூர் பக்கம், தை மாசம், சவுண்டு நம்மளோடது. பாட்டுக் கச்சேரி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பாப்பா ஒரு அஞ்சு நிமிஷம் வாசிக்கட்டும்னு மாப்பிள்ளை வீட்ல சந்தோசமா சொன்னாங்க. டப்பா கிட்டார்ல ஒரு ஒட்டுற பிக்கப்ப (அதிர்வ கரண்டு சிக்னலா மாத்தற சின்ன சாமான்) ஒட்டி மேடையில உக்கார வெச்சேன். மேடை சின்னது, மானிட்டர் ஸ்பீக்கர் (வாசிக்கறவங்களுக்கே கேக்கறதுக்கு வைக்கறது) அவளுக்கு நாலடியில மூஞ்சிக்கு நேரா இருந்துச்சு, வாசிக்க ஆரம்பிச்சு அரை நிமிஷம் ஆகல, ஊஊஊன்னு கூவ ஆரம்பிச்சுருச்சு. ஃபேடர எறக்குனா சத்தமே கேக்கல, ஏத்துனா கூவுது, கடைசில சுத்தமா எறக்கிட்டேன், புள்ள சத்தம் வராத கிட்டார்ல முழுசா வாசிச்சு முடிச்சுட்டு எழுந்து வணக்கம் வெச்சுட்டு வந்துச்சு. வேன்ல வரும்போது அழுவாளோன்னு பாத்தேன். "மாமா, ஏ ஸ்ட்ரிங்க தொட்டாத்தான் கூவுது, மத்ததுல இல்ல, கவனிச்சீங்களா"ன்னு கேக்குறா.

அவ சொன்னது சரி. டப்பா கிட்டாரோட வயித்துக்குள்ள இருக்கற காத்துக்கு ஒரு சொந்த அதிர்வு உண்டு, பெரும்பாலான கிட்டார்ல அது 100 ஹெர்ட்ஸ சுத்தி இருக்கும், ஏ ஸ்ட்ரிங்க சும்மா தட்டுனா 110. ஸ்பீக்கர்ல இருந்து வர்ற சத்தம் கிட்டார் மேல்பலகைய ஆட்டும், பலகை ஆடுனா பிக்கப் அத எடுத்து திரும்ப ஸ்பீக்கருக்கே அனுப்பும், அது இன்னும் பெருசா வந்து பலகைய ஆட்டும், இப்படியே சுத்தி சுத்தி கூவல் ஆயிரும். மைக் செட்காரனுக்கு இது தெனமும் பாக்கற சமாச்சாரம்தான், ஆனா அன்னைக்கு கூவுனது நம்ம புள்ள கையில.

அப்ப சாலிட் பாடி வாங்கிட வேண்டியதுதானே, முழு கட்டை, கூவவே கூவாதேன்னு கேப்பீங்க. நானும் அதத்தான் நெனச்சேன். தெரிஞ்ச பேண்டுக்காரத் தம்பி ஒருத்தன்கிட்ட இருந்து ஒரு வாரத்துக்கு ஒரு சாலிட் பாடி கிட்டார் வாங்கிட்டு வந்து குடுத்தேன். மூணு நாள் வாசிச்சா, நாலாவது நாள் சுவத்துல சாச்சு வெச்சுட்டு பழைய டப்பாவ எடுத்துகிட்டா. ஏம்மான்னு கேட்டா, "வயித்துல ஒண்ணுமே தெரியல மாமா"ன்னா. டப்பா கிட்டார் வாசிக்கும்போது அந்த அதிர்வு நெஞ்சுலயும் வயித்துலயும் படும், அவ சுருதி பாக்கறதே பாதி அது வழியாத்தான். இன்னொண்ணு, அவ வாசிக்கறது ராத்திரி ஒன்பது மணிக்கு மேல, திண்ணையில. அக்கா தையல் மெஷின நிறுத்துன பெறகுதான் வீடு அமைதியாகும், அந்த நேரத்துல ஆம்ப்ளிஃபயர் போட முடியாது, சாலிட் பாடிய ஆம்ப் இல்லாம வாசிச்சா கொசு பாடுற மாதிரிதான் கேக்கும்.

அதுக்குத்தான் செமி ஹாலோ, அதாவது நடுவுல கட்டை, பக்கத்துல காலி. ராத்திரி திண்ணையில வயரே இல்லாம வாசிச்சா அவ காதுக்காவது கேக்கணும், மேடையில மானிட்டர் முன்னாடி உக்காந்தா கூவக்கூடாது. இந்த ரெண்டையும் ஒரே கிட்டார் செய்யணும்னா இதுதான் வழி. நிறம், பேரு, யார் வாசிச்சாங்க எல்லாம் அதுக்கு அப்புறம்.

இந்த டிசைனே ஏறக்குறைய இதே தொல்லைய தீக்கத்தான் பொறந்துச்சு. அதுக்கு முன்னாடி எலக்ட்ரிக்ல பெரிய ஹாலோ கிட்டார்கள் இருந்துச்சு, சத்தம் தேன் மாதிரி இருக்கும், ஆனா வால்யூம் ஏத்துனா கூவும். சாலிட் பாடி கூவாது, ஆனா அந்த மூச்சு அதுல இல்ல. டெட் மெக்கார்ட்டி தலைமையில இருந்தப்ப கிப்சன் கம்பெனி 1958ல ஈஎஸ்-335ன்னு ஒண்ண எறக்குச்சு. வெளிய பாத்தா ஹாலோ மாதிரியே இருக்கும், ரெண்டு பக்கமும் எஃப் எழுத்து மாதிரி ஓட்டை, வளைஞ்ச மேல்பலகை, 16 இஞ்ச் அகலம், கனம் மட்டும் ஒண்ணே முக்கால் இஞ்சுக்குள்ள. உள்ளதான் விசயம். கழுத்துல இருந்து வால் வரைக்கும் நடுவுல ஒரு கெட்டியான கட்டை ஓடும், ஓட்டு வீட்டுல உத்தரம் போட்ட மாதிரி. பிக்கப்பு, பிரிட்ஜு எல்லாம் அந்தக் கட்டை மேலதான் உக்காரும். ரெண்டு பக்கத்து எறக்கை மட்டும் காலி. ஸ்பீக்கர் சத்தம் வந்து ஆட்டுனாலும் நடுவுல இருக்கற உத்தரம் பலகைய ஆட விடாது, அதனால கூவல் லேசுல கெளம்பாது, அதே சமயம் பக்கத்துல காத்து இருக்கறதால ஒரு மூச்சு இருக்கும்.

பலகை விசயத்துல நெறய பேர் ஏமாந்துடுறாங்க. டப்பா கிட்டார் வாங்கும்போது ஒரே பலகையா இருக்கா, ஒட்டுப்பலகையான்னு பாக்கணும்னு சொல்வாங்க, அது சரிதான். அதே கணக்க இங்க கொண்டு வரக்கூடாது. 1958ல வந்த அந்த ஒரிஜினல் 335ஏ மேப்பிள் ஒட்டுப்பலகைய அழுத்தி வளைச்சு செஞ்சதுதான். ஒட்டுப்பலகை வெறப்பா நிக்கும், லேசுல அதிராது, கூவலுக்கு அதுவும் ஒரு தடை. வெயில்ல காஞ்சு பொளக்கற பயமும் கம்மி, நம்ம பக்கம் சித்திரை வெயில் எப்படின்னு தெரியும்ல. அதனால யாராவது "இது பிளைவுட்டுப்பா"ன்னு மூஞ்ச சுளிச்சா அத கண்டுக்காதீங்க.

அடுத்தது பிக்கப்பு. நாம வாசிக்கப் போற எடம் எல்லாம் எப்படி இருக்கும்? ஒரு பக்கம் ஜெனரேட்டர், ஒரு பக்கம் சீரியல் செட்டு, டிம்மர் போட்ட லைட்டு, ஒரே போர்டுல இருந்து எல்லாத்துக்கும் கரண்டு. ஒத்த சுருள் பிக்கப்பா இருந்தா அந்த இரைச்சல் மொத்தத்தையும் உறிஞ்சி ஸ்பீக்கர்ல துப்பிரும். ஹம்பக்கர்ல ரெண்டு சுருள் பக்கத்து பக்கத்துல இருக்கும், ஒண்ணோட காந்தமும் சுத்தும் இன்னொண்ணுக்கு தலைகீழ். ஸ்ட்ரிங் சத்தம் ரெண்டுலயும் சேந்து கூடும், கரண்டு இரைச்சல் ஒண்ணுக்கொண்ணு அடிச்சு காலியாயிரும். கிப்சன்ல இருந்த செத் லவர்ங்கற இஞ்சினியர் 1955ல இதுக்கு பேட்டண்ட் கேட்டு எழுதிப் போட்டார். கண்டென்சர் இரைச்சல்ல கூட சுருதி பாக்கற புள்ளைக்கு பக்கத்துல எந்நேரமும் ஒரு ஜி நோட்டு ஓடிட்டு இருந்தா அவளால வாசிக்க முடியுமா? அதனால ஹம்பக்கர்தான்னு நான் பிடிவாதமா இருந்தேன்.

காசு கணக்குக்கு வருவோம். மண்டியில சீசன் முடிஞ்சு ஆடியிலதான் கையில கொஞ்சம் பணம் நிக்கும். பாப்பாவோட அப்பா முப்பதாயிரம், நான் இருபதாயிரம், மொத்தம் ஐம்பது, இதுக்குள்ள கிட்டார், ஆம்ப், பெட்டி எல்லாம் முடியணும். கிப்சன் லட்சக்கணக்குல போகுது, அந்தப் பேச்சே எடுக்கல. எங்க அப்பா மட்டும் ஒத்துக்கல. "கரண்டு கிட்டார்னா கூச்சல்தானடா, புள்ள நல்லா கமகம் வாசிக்குது, அத கெடுத்துறாதீங்க"ன்னார். நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், மார்கழியில நீங்க கோயிலுக்கு போட்ட கேசட்டு யாரோடதுன்னு. மாண்டலின் ஸ்ரீநிவாஸ். அவர் கையில இருந்தது எலக்ட்ரிக் மாண்டலின், அஞ்சு கம்பி, அதுல கர்நாடக சங்கீதம் மொத்தத்தையும் கொண்டு வந்து நிறுத்துனார் மனுசன். அப்பா கொஞ்ச நேரம் பேசாம இருந்தார், அப்புறம் உள்ள போய் ஒரு அஞ்சாயிரம் எடுத்துட்டு வந்து வெச்சார்.

ஒரு ஞாயித்துக்கிழமை விடிகாலம் கிருஷ்ணகிரியில இருந்து பெங்களூரு பஸ் ஏறுனோம், நான், பாப்பா, அவ அப்பா மூணு பேரும். மொதல்ல போனது ஒரு பெரிய கடை, பேரு வேண்டாம். உள்ள நுழைஞ்சதும் சேல்ஸ் பண்ற பையன் பாப்பாவ பாத்துட்டு ஒரு சின்ன பிங்க் கலர் கிட்டார எடுத்து நீட்டுறான், பொம்பள புள்ளைங்களுக்கு இதுதான் சரியா இருக்கும்னு. செமி ஹாலோ காட்டுங்கன்னா ஒண்ண எடுத்து அவனே அஞ்சு நிமிஷம் வேகமா வாசிச்சு காட்டுறான். யாருக்கு வாங்கறமோ அவங்க கையில குடுக்காம கடைக்காரர் வாசிச்சு காட்டறதுல ஒரு பிரயோஜனமும் இல்ல, எனக்கு அதுல நெசமாவே கோவம் வந்துச்சு. பாப்பாவோட அப்பாதான் "தம்பி, பொண்ணு கையில குடு"ன்னு அழுத்தமா சொன்னார்.

அவன் குடுத்தது செமி ஹாலோவே இல்ல, முழு ஹாலோ. ரெண்டும் வெளிய ஒண்ணா இருக்கும், கடையில கூட மாத்தி சொல்வாங்க. ஃபோன் டார்ச்ச எஃப் ஓட்டையில அடிச்சு உள்ள பாருங்க. நடுப்பக்கமா ஒரு கட்டை செவுரு மாதிரி மறிச்சு நின்னா அது செமி ஹாலோ. மறிக்காம இந்த ஓட்டையில இருந்து அந்த ஓட்டைப் பக்கத்து வெளிச்சம் தெரிஞ்சா உள்ள கட்டை இல்லன்னு அர்த்தம். எபிஃபோன் கசினோ அப்படித்தான், பீட்டில்ஸ்காரங்க வெச்சிருந்த மாடல், பாத்தா 335க்கு தங்கச்சி மாதிரி இருக்கும், ஆனா உள்ள முழு காலி. அது மட்டமான கிட்டார்னு சொல்ல வரல. எமிலி ரெம்லர்னு ஒரு ஜாஸ் கிட்டாரிஸ்ட் அம்மா, 1990ல சின்ன வயசுலயே போயிட்டாங்க, அவங்க வாசிச்ச கிப்சன் ஈஎஸ்-330யும் முழு ஹாலோதான். பாப்பாவுக்கு அவங்க வீடியோவ காட்டுனதுல இருந்து அவங்க கட்டைவிரல் போற விதத்த பாத்துட்டே இருக்கா. ஆனா நமக்கு கல்யாண மேடையும் மானிட்டரும் இருக்கே.

அப்புறம் வேற ரெண்டு கடை. எபிஃபோன்ல 335 மாதிரியே ஒண்ணு, கிரெட்ச் ஸ்ட்ரீம்லைனர் ஒண்ணு, ஸ்கொயர் ஸ்டார்காஸ்டர் ஒண்ணு. ஸ்டார்காஸ்டர்ங்கறது ஃபெண்டர் 1970கள்ல விட்ட டிசைன், உடம்பு ஒரு பக்கமா சாஞ்ச மாதிரி இருக்கும், அவளுக்கு மடியில நிக்கல. கிரெட்ச் அழகு, அதுல சந்தேகமில்ல. எபிஃபோன் சத்தம் நல்லாவே இருந்துச்சு, ஆனா அந்தக் குறிப்பிட்ட கிட்டார்ல கழுத்து கொஞ்சம் வளைஞ்சு ஸ்ட்ரிங்கு ஒசரமா நின்னுச்சு, சரி பண்ணிக்கலாம்தான், ஆனா வெல நம்ம கணக்க தாண்டுச்சு.

இதுல பாப்பா எப்படி பாத்தாங்கறத சொல்லணும். எந்த கிட்டார குடுத்தாலும் மொதல்ல வயர் போட விடல. மடியில வெச்சு, மேல் வளைவுல காது பக்கத்து எலும்ப அழுத்தி ஒட்ட வெச்சுகிட்டு ஒவ்வொரு ஸ்ட்ரிங்கா மெதுவா தட்டுவா, சத்தம் அடங்கற வரைக்கும் காத்திருப்பா. அப்புறம் மோகனம், ஸ ரி க ப த, மேல கீழ ஒரு தடவ, அதுல காந்தாரத்த மட்டும் கீழ ரிஷபத்துல இருந்து வளைச்சு இழுத்து நிறுத்துவா. எல்லா கிட்டார்லயும் அதே அஞ்சு சுரம், அதே இழுப்பு. ஒரே சோத்த வேற வேற பானையில வடிச்சு பாக்கற மாதிரி. அதுக்கப்புறம்தான் ஆம்ப். வயரு போட்டதும் கழுத்துப் பக்கத்து பிக்கப்புல டோன பாதிக்கு கொறைச்சு வெச்சு திரும்பவும் அதே மோகனம்.

இழுக்கறது பத்தி ஒண்ணு. இந்த 335 வகையில ஸ்ட்ரிங்கோட நீளம் 24.75 இஞ்ச், ஃபெண்டர் வகையில பெரும்பாலும் 25.5. முக்கால் இஞ்ச்தானேன்னு தோணும், ஆனா அதே கனத்து ஸ்ட்ரிங்க அதே சுருதிக்கு கட்டுனா சின்ன நீளத்துல இறுக்கம் கொறையும், இழுத்து வளைக்க லேசா இருக்கும், ஃப்ரெட்டுகளும் கொஞ்சம் நெருக்கமா வரும். கமகத்துக்காக இழுத்துகிட்டே இருக்கற பதினஞ்சு வயசு வெரலுக்கு அந்த வித்தியாசம் சாயங்காலத்துல வலியா தெரியும். ஒடம்பு அகலத்தையும் பாக்கணும், 16 இஞ்ச் சின்ன ஆளுங்களுக்கு கை மேல ஏறி நிக்கும். ரொம்ப சின்ன புள்ளையா இருந்தா இபனேஸ்ல ஏஎம்னு ஆரம்பிக்கற மாடல் இருக்கு, அதே வகைதான், ஒடம்பு சின்னது. பாப்பா கை நீளம், அவளுக்கு பெருசே ஒத்துகிச்சு.

சாயங்காலம் ஆயிருச்சு, கையில கிட்டார் இல்ல, டீ குடிச்சுட்டு இருக்கோம். அந்த பேண்டுக்காரத் தம்பி ஃபோன் பண்ணி, ஐடி கம்பெனியில வேல பாக்கற ஒருத்தர் வெளிநாடு போறார், செகண்ட் ஹேண்ட்ல இபனேஸ் ஏஎஸ்73 குடுக்கறார், போய் பாருங்கண்ணான்னான். இபனேஸ்ல ஆர்ட்கோர்னு 2002ல ஆரம்பிச்ச வரிசை, கையில இருக்கற காசுக்கு நல்ல வேலைப்பாடு, மைக் செட் தொழில்ல பல பேண்டுல பாத்திருக்கேன். ஆறாவது மாடி ஃபிளாட்டு. அவர் கிட்டார கொண்டு வந்து பாப்பா கையிலயே நேரா குடுத்தார், அதுவே எனக்கு மனசுக்கு புடிச்சுருச்சு. புகையிலை பிரவுன் கலரு. பாப்பா எலும்ப வெச்சு கேட்டா, மோகனம் வாசிச்சா, காந்தாரத்த இழுத்தா. அப்புறம் நிறுத்தவே இல்ல. நாங்க பேசிகிட்டு இருக்கோம், வெல பேசுறோம், அந்தம்மா காபி கொண்டு வந்து வெச்சு ஆறிப்போச்சு, அவ தலைய தூக்கல. மத்த எந்த கடையிலயும் அஞ்சு நிமிஷத்துக்கு மேல ஒண்ண அவ வெச்சுக்கல.

அவ வாசிச்சு முடிச்சதும் நான் என் வேலைய பாத்தேன். செகண்ட் ஹேண்ட் வாங்கறவங்க இத கண்டிப்பா பாருங்க. ஒடம்பு பக்கம் இருந்து கழுத்த துப்பாக்கி குறி பாக்கற மாதிரி ஒரு கண்ணுல பாக்கணும், முறுக்கு இருந்தா தெரிஞ்சுரும். மொத ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் புடிச்சா நடுவுல ஏழாவது பக்கம் ஸ்ட்ரிங்குக்கு கீழ ஒரு மெல்லிசு பேப்பர் போற அளவு சந்து இருக்கணும், ரொம்ப இருந்தா கழுத்து வளைஞ்சிருக்கு, ஒண்ணுமே இல்லன்னா பின்னாடி சாஞ்சிருக்கு, ட்ரஸ் ராடு (கழுத்துக்குள்ள ஓடற இரும்புக் கம்பி) திருகுனா பெரும்பாலும் சரியாயிரும். பன்னெண்டாவது ஃப்ரெட்டுல அழுத்துன சத்தமும் அதே எடத்து ஹார்மோனிக்கும் (அழுத்தாம லேசா தொட்டு தட்டுனா வர்ற சத்தம்) ஒண்ணா நிக்குதான்னு பாக்கணும், அத பாப்பா டியூனர் இல்லாமயே பாத்துட்டா. ஃப்ரெட்டுல பள்ளம் விழுந்திருக்கா, தலை கழுத்தோட சேர்ற எடத்துல ஒட்டு போட்ட கோடு இருக்கா, இது ரொம்ப முக்கியம், இந்த வகை கிட்டார் தலை பின்னாடி சாஞ்சு இருக்கறதால கீழ விழுந்தா மொதல்ல ஒடையறது அங்கதான். எல்லா குமிழையும் திருகிப் பாத்தேன், கரகரப்பு இல்ல. வயர் சொருகற ஜாக்க ஆட்டுனா மட்டும் கர்ர்னுச்சு. அவர்கிட்ட சொன்னேன், மறைக்காம ஆமாண்ணா லூசாத்தான் இருக்குன்னு சொல்லி ஆயிரம் கொறைச்சுகிட்டார். முப்பத்திரெண்டாயிரத்துக்கு முடிஞ்சுது, பையோட. பஸ்சுல மேல வைக்கல, ஓசூரு தாண்டி கிருஷ்ணகிரி வர்ற வரைக்கும் அவ மடியிலயே இருந்துச்சு.

மீதி பணத்துல கெட்டியான பெட்டி ஒண்ணு, ஹெட்ஃபோன் போடற வசதியோட ஒரு சின்ன ஆம்ப். கிட்டார நேரா மிக்ஸர்ல சொருகி பாத்துட்டு சத்தம் மொண்ணையா இருக்கே, கிட்டார் சரியில்லன்னு நெனைக்கறவங்க எங்கிட்ட நெறய பேர் வர்றாங்க. கிட்டார் பிக்கப்போட இம்பிடன்ஸ் அதிகம், மிக்ஸர் லைன் அதுக்கு ஏத்தது இல்ல, நடுவுல ரெண்டையும் பொருந்த வைக்கற ஒரு டிஐ பாக்ஸ் இல்லன்னா மேல் சத்தமெல்லாம் செத்துரும். எங்கிட்ட டிஐ பாக்ஸ் இருந்ததால அந்த செலவு மிச்சம்.

பத்து நாள்ல அந்த ஜாக்கு வேலைய காட்டுச்சு. நட்டு கழண்டு ஜாக்கு உள்ளயே சுத்தி எர்த் வயரு அறுந்து போச்சு, சத்தம் இல்ல. சாலிட் பாடின்னா நாலு ஸ்குரூவ கழட்டுனா வேல முடிஞ்சுரும். இதுல பின்னாடி மூடியே கெடையாது, எல்லாத்தையும் எஃப் ஓட்டை வழியாத்தான் வெளிய எடுக்கணும், அதே வழியாத்தான் உள்ள அனுப்பணும். வெளிய எடுத்து பத்த வெச்சுட்டேன், திரும்ப உள்ள அனுப்பி பக்கத்து ஓட்டையில தலைய நீட்ட வைக்கறதுதான் பாடு. காவேரிப்பட்டணத்து வீட்ல, தையல் மெஷின் பக்கத்துல பாய விரிச்சு, கம்பிய வளைச்சு விட்டு ஒரு மணி நேரம் பாத்தேன், ஜாக்கு தல காட்டும், உள்ள போயிரும். அக்கா அதுவரைக்கும் இந்த கிட்டார் விசயத்துல ஒரு வார்த்த கூட நல்லதா சொல்லல, இத்தன காசான்னு ஒரு வருத்தம் அதுக்கு. ஊசிய கீழ வெச்சுட்டு வந்து "தள்ளு"ன்னுச்சு. காஜா நூல நாலா மடிச்சு முறுக்கி, பக்கத்து ஓட்டை வழியா உள்ள விட்டு எஃப் ஓட்டையில நுனிய புடிச்சு வெளிய எடுத்துச்சு. ஜாக்கோட வாய்க்குள்ள நூல விட்டு பின்பக்கமா இழுத்து முடிச்சு போட்டுச்சு, ஊசிக்கு முடிச்சு போடற மாதிரி ஒரே சுழி. பாப்பா டார்ச்ச புடிச்சுகிட்டா. அக்கா நூல கொஞ்சம் கொஞ்சமா இழுக்க, ஜாக்கு உள்ள உருண்டு வந்து ஓட்டையில டக்குனு தலைய நீட்டுச்சு. நூல விடாம இறுக்கிப் புடிச்சுகிட்டே வாசரையும் நட்டையும் அதே நூல்ல கோத்து, பூ கோக்கற மாதிரி, கீழ எறக்குச்சு, நான் ஸ்பேனர் போட்டு இறுக்குனேன். நூல வெட்டிட்டு எழுந்து போய் திரும்ப மெஷின்ல உக்காந்துகிச்சு. ஒரு பத்து நிமிஷம் கழிச்சு, மெஷின நிறுத்தாமயே, "எங்க, வாசி பாக்கலாம்"னுச்சு.

கூவுதா இல்லையான்னு கேப்பீங்க. ஒரு சர்ச் திருவிழாவுல ஆவணியில வாசிச்சா, சின்ன மேடை, வேணும்னே மானிட்டர பழைய மாதிரி நாலடியில வெச்சேன். கெயின் அதிகமா வெச்சு ஸ்பீக்கருக்கு நேரா நின்னா லேசா ஒரு முனகல் வருது, ஒடம்ப கொஞ்சம் திருப்பிகிட்டா போயிருது. பி.பி.கிங் மாதிரி பெரிய ஆளே அவரோட கிட்டார் எஃப் ஓட்டையில துணிய அடைச்சுதான் சமாளிச்சிருக்கார், 1980ல கிப்சன் அவர் பேர்ல லூசில் மாடல் விட்டப்ப எஃப் ஓட்டையே இல்லாம செஞ்சாங்க. பாப்பாகிட்ட இத சொன்னதும் அக்காவோட வெட்டு துணியில ரெண்டு சுருட்டி பெட்டியில வெச்சுகிட்டா, பெரிய மேடைக்குன்னு. அது இன்னும் தேவப்படல.

இப்ப அதுல இருக்கறது 10ல ஆரம்பிக்கற ஸ்ட்ரிங்கு செட்டு, நம்பர் ஏற ஏற கம்பி தடிமன். ஸ்ட்ரிங்கு கருத்துப்போச்சு, மாத்தணும். 11 போட்டா திண்ணையில இன்னும் சத்தமா கேக்கும், ஆனா காந்தாரத்த இழுக்கறப்ப வெரல் வலிக்கும். ரெண்டு செட்டையும் வாங்கி குடுத்துட்டேன், ஒரு வாரமா பெட்டி மேல பிரிக்காம இருக்கு, அவ இன்னும் யோசிச்சுட்டு இருக்கா.